மொழி ஆய்வகத்தின் வரலாறு

அயல்மொழி கற்போர் ஒலிப்பதிவுகளைக் கேட்டு, திரும்பச் சொல்லி, தம் குரலைப் பதிவு செய்து ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென அமைக்கப்பட்ட கூடம் மொழி ஆய்வகம் எனப்படுகிறது. மொழிப் பயிற்சிக்கூடம் என்றும் இதைச் சொல்வதுண்டு. தமிழ்நாட்டுக் கல்லூரி மாணவர் வழக்கில் இது 'லாங்குவேஜ் லேப்'. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒலி உருளைகளோடு தோன்றிய இம்முயற்சி, 1960களில் அமெரிக்கப் பள்ளிகளில் ஆயிரக்கணக்கான கூடங்களாகப் பெருகியது. அடுத்த பத்தாண்டில் அவற்றுள் பல பூட்டிக் கிடந்தன. பின்னர் கணினி வழியாகவும் இணையம் வழியாகவும் அது வேறு வடிவில் திரும்பி வந்தது.

ஒரு மொழியைக் கற்பது என்றால் அதன் ஒலிகளையும் சொற்றொடர் அமைப்புகளையும் பழகிக்கொள்வதா, அதைப் பேசும் மக்களின் எண்ணப் போக்கைப் புரிந்துகொள்வதா என்ற கேள்வி இவ்வரலாறு முழுவதிலும் தொடர்கிறது. அந்தந்தக் காலம் இக்கேள்விக்குத் தந்த விடையைப் பொறுத்தே கருவிகள் பயன்பட்டன அல்லது பயனற்றுப் போயின.

ஒலி உருளையும் இசைத்தட்டும்

தாமஸ் ஆல்வா எடிசன் 1877ஆம் ஆண்டு போனோகிராஃப் கருவியை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அதன் பயன்கள் குறித்து அவர் எழுதிய கட்டுரையில், கடிதம் எழுதுவித்தல், பார்வையற்றோருக்கான ஒலி நூல்கள் ஆகியவற்றோடு, மொழிகளின் உச்சரிப்பை உள்ளபடியே பாதுகாப்பதும் கல்விப் பணியும் இடம்பெற்றன. அதுவரை பிறமொழி ஒலியைக் கேட்பதற்கு அம்மொழி பேசுபவர் நேரில் இருக்க வேண்டியிருந்தது. பெரும்பாலான பள்ளிகளில் அப்படி ஒருவர் இல்லை. பிரெஞ்சு, ஜெர்மன் ஆகியவற்றை இலக்கண விதிகளாகவும் மொழிபெயர்ப்புப் பயிற்சியாகவும் மட்டுமே படித்த மாணவர்கள் ஏராளம்.

இக்குறையை முதலில் வணிக வாய்ப்பாகக் கண்டவை அஞ்சல்வழிக் கல்வி நிறுவனங்கள். பென்சில்வேனியா மாநிலம் ஸ்க்ராண்டன் நகரில் இயங்கிய பன்னாட்டு அஞ்சல்வழிப் பள்ளி, 1900களின் தொடக்கத்தில் ஒலி உருளைகளோடு மொழிப் பாடங்களை அனுப்பி வைத்தது. மாணவர் வீட்டிலேயே உருளையைக் கேட்டுப் படித்து, தம் பயிற்சியை வெற்று உருளையில் பேசிப் பதிவு செய்து திருப்பி அனுப்பலாம். ஆசிரியர் அதைக் கேட்டுத் திருத்தம் எழுதுவார். கருவியின் மறுமுனையில் காது கொடுத்துக் கேட்க ஓர் ஆள் இருந்தார் என்பது இம்முறையில் கவனிக்கத்தக்கது.

1901இல் ஜாக் ராஸ்டன் தொடங்கிய லிங்குவாஃபோன் நிறுவனம், உருளையிலிருந்து இசைத்தட்டுக்கு மாறிப் பல மொழிகளில் பாடத் தொகுப்புகளை வெளியிட்டது. அந்நிறுவனத்துக்காக 1927இல் நாடகாசிரியர் ஜார்ஜ் பெர்னார்ட் ஷா ஆங்கிலப் பேச்சு குறித்து உரையாற்றிப் பதிவு செய்தார். அதில் அவர் ஒரு நடைமுறைச் சிக்கலைச் சுட்டினார். கருவி சுழலும் வேகம் சற்று மாறினாலும் கேட்பவர் காதில் விழுவது தம்முடைய குரலாக இராது என்றும், முதிய அயர்லாந்துக்காரர் ஒருவரின் குரலாகக் கேட்கும் வரை வேகத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றும் நகைச்சுவையாக எச்சரித்தார். பதிவான குரலைப் பயன்படுத்துவதற்கும் கேட்பவருக்கு ஓரளவு முன்னறிவு வேண்டும் என்பது அந்த எச்சரிக்கையின் பொருள்.

பல்கலைக்கழகங்களும் இதே காலத்தில் கருவியை ஏற்றன. பிரான்சின் கிரெனோபிள் பல்கலைக்கழகம் அயல்நாட்டு மாணவர்களுக்குப் பிரெஞ்சு உச்சரிப்பைக் கற்பிக்க ஒலியியல் ஆய்வகத்தைப் பயன்படுத்தியது. அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ரால்ஃப் வால்ட்ஸ், 1930 வாக்கில் 'மொழி ஆய்வகம்' என்ற பெயரை வழக்கில் கொண்டுவந்தவர்களுள் ஒருவர்.

போர்க்கால வகுப்பு

இரண்டாம் உலகப் போரில் இறங்கியபோது, ஜப்பானியம், ரஷ்யம், சீனம், அரபு ஆகிய மொழிகளைப் பேசத் தெரிந்தவர்கள் தன்னிடம் மிகக் குறைவு என்பதை அமெரிக்க அரசு உணர்ந்தது. மொழியியலாளர் லெனார்ட் புளூம்ஃபீல்ட் 1942இல் அயல்மொழிகளை நேரடியாகக் கற்பதற்கான சிறு வழிகாட்டி ஒன்றை எழுதினார். அதையொட்டிய முறையில், படைத்துறையின் சிறப்புப் பயிற்சித் திட்டத்தின் கீழ்ப் பல்கலைக்கழகங்களில் தீவிர மொழி வகுப்புகள் நடந்தன.

இவ்வகுப்பில் இருவர் பணியாற்றினர். ஒருவர் மொழியின் அமைப்பை விளக்கும் மொழியியலாளர். மற்றவர் அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்டு, மாணவர் முன் அமர்ந்து பேசிக் காட்டும் தகவலாளர். மாணவர் சிறு குழுக்களாக வாரத்தில் பல மணி நேரம் அவரைக் கேட்டுத் திரும்பச் சொல்லிப் பழகினர். வகுப்பு சிறியது, நேரம் மிகுதி, கற்போரின் தேவை உடனடியானது, எதிரில் மனிதர் இருந்தார்.

போருக்குப் பின் இம்முறையின் வெற்றி பெரிதும் பேசப்பட்டது. ஆனால் பள்ளிகளுக்கு அதைக் கொண்டு செல்ல முயன்றபோது, ஊருக்கு ஊர் தகவலாளரைத் தேடிப்பிடிக்க முடியவில்லை. அவரிடத்தில் ஒலிநாடாவை வைக்கலாம் என்ற எண்ணம் அப்போது வலுப்பெற்றது.

ஒலிநாடாவும் ஸ்புட்னிக்கும்

காந்த ஒலிநாடாப் பதிவுக் கருவி 1930களில் ஜெர்மனியில் உருவானது. போர் முடிந்தபின் அத்தொழில்நுட்பம் அமெரிக்காவுக்கு வந்து பரவியது. உருளையையும் இசைத்தட்டையும் விட ஒலிநாடா மொழி வகுப்புக்கு ஏற்றதாக இருந்தது. வேண்டிய இடத்தில் நிறுத்தலாம், பின்னோக்கிச் சுழற்றலாம், அழித்து மீண்டும் பதியலாம்.

கருவியைப் பள்ளிகளுக்குள் கொண்டு சேர்த்தது விண்வெளிப் போட்டி. சோவியத் ஒன்றியம் 1957 அக்டோபர் 4 அன்று ஸ்புட்னிக் செயற்கைக்கோளை ஏவியது. தம் நாட்டுக் கல்வி பின்தங்கிவிட்டது என்ற அச்சம் அமெரிக்காவில் எழுந்தது. குடியரசுத் தலைவர் ஐசனோவர் 1958 செப்டம்பர் 2 அன்று தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அறிவியல், கணிதம் ஆகியவற்றோடு தற்கால அயல்மொழிகளையும் இச்சட்டம் நாட்டின் பாதுகாப்புக்குத் தேவையான பாடங்களாகக் கொண்டது. அதன் மூன்றாம் பிரிவு, இப்பாடங்களுக்கான கருவிகள் வாங்க மாநிலங்களுக்கு நிதி அளித்தது. ஆறாம் பிரிவு, மொழி மையங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் நிதி ஒதுக்கியது.

சட்டம் வருவதற்கு முன் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் இருந்த மொழி ஆய்வகங்கள் நூற்றுக்கும் குறைவு. 1962 வாக்கில் அவை ஏறத்தாழ 5000 ஆகப் பெருகிவிட்டதாகக் கணக்கிடப்பட்டது. ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆண்டுகள் ஆகும். ஒரு கூடத்தை நிறுவச் சில வாரங்கள் போதும். பணம் வந்த வேகத்துக்குக் கருவிகளால் ஈடுகொடுக்க முடிந்தது. பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அதே வேகத்தில் கிடைக்கவில்லை.

கூடத்துக்குள் நடந்தது

அக்கால மொழி ஆய்வகத்தில் வரிசையாகத் தடுப்பறைகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் ஹெட்போனும் ஒலிவாங்கியும், வசதியுள்ள இடங்களில் தனி ஒலிநாடாக் கருவியும் இருந்தன. முன்னால் ஆசிரியருக்கான கட்டுப்பாட்டு மேசை. அங்கிருந்து அவர் எந்தத் தடுப்பறையின் குரலையும் கேட்கலாம், அந்த மாணவரோடு மட்டும் பேசலாம். முப்பது பேர் படிக்கும் வகுப்பில் ஒரு மாணவர் ஓரிரு நிமிடமே வாய்திறக்க முடியும். ஆய்வகத்திலோ முப்பது பேரும் ஒரே நேரத்தில் பேசிப் பழகலாம் என்பதே இதற்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட வலுவான வாதம்.

பயிற்சி முறையின் பெயர் கேட்டல்–பேசல் முறை. யேல் பல்கலைக்கழகத்தின் நெல்சன் புரூக்ஸ் 1960இல் வெளியிட்ட நூல் இதற்கு அடிப்படைக் கையேடாக விளங்கியது. மொழி என்பது பழக்கங்களின் தொகுதி. சரியான விடையை உடனுக்குடன் உறுதிப்படுத்திப் பலமுறை சொல்ல வைத்தால் பழக்கம் படியும் என்பது இதன் கொள்கை. பி. எஃப். ஸ்கின்னரின் நடத்தையியல் உளவியல் இதற்குப் பின்புலமாக இருந்தது.

ஒரு பயிற்சி நான்கு படிகளில் நடக்கும். தமிழ் கற்பிக்கும் ஒலிநாடா ஒன்றை இவ்வகையில் அமைத்தால், 'நான் கடைக்குப் போகிறேன்' என்ற தொடருக்குப் பின் 'பள்ளி' என்ற குறிப்புச்சொல் ஒலிக்கும். மாணவர் 'நான் பள்ளிக்குப் போகிறேன்' என்று சொல்ல வேண்டும். பின்னர் நாடாவிலுள்ள குரல் சரியான விடையைச் சொல்லும். மாணவர் அதை மீண்டும் சொல்வார். அடுத்து 'கோயில்', அதற்கடுத்து 'வீடு'. யார் போகிறார், ஏன் போகிறார், யாரிடம் இதைச் சொல்கிறார் என்பவை பயிற்சிக்குத் தேவைப்படவில்லை. பொருள் புரியாமலேயே ஒரு மாணவர் முழு நாடாவுக்கும் சரியாக விடை சொல்லிவிட முடியும்.

கீட்டிங் அறிக்கையும் பென்சில்வேனியா ஆய்வும்

செலவிட்ட பணத்துக்குப் பலன் கிடைத்ததா என்ற கேள்வி விரைவிலேயே எழுந்தது. ரேமண்ட் கீட்டிங், நியூயார்க் மாநகரைச் சுற்றியுள்ள பள்ளிகளில் பிரெஞ்சு படித்த 5000க்கும் மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1963இல் அறிக்கை வெளியிட்டார். ஆய்வகத்தைப் பயன்படுத்தாத மாணவர்கள் பெரும்பாலான அளவீடுகளில் பயன்படுத்தியவர்களை விடக் குறைந்துவிடவில்லை. சிலவற்றில் அவர்களே மேம்பட்டு இருந்தனர். ஆய்வகம் எப்படிப் பயன்படுத்தப்பட்டது என்பதை அவர் கட்டுப்படுத்தவில்லை என்று மறுப்பாளர்கள் வாதிட்டனர். அந்த மறுப்பில் நியாயம் இருந்தது. ஆனாலும் அறிக்கையின் தாக்கம் குறையவில்லை.

1965 முதல் 1969 வரை ஃபிலிப் ஸ்மித் தலைமையில் பென்சில்வேனியாவில் நடந்த ஆய்வு இன்னும் விரிவானது. பழைய இலக்கண முறை, கேட்டல்–பேசல் முறை, இரண்டும் கலந்த முறை ஆகியவற்றைப் பல்வகை ஆய்வகக் கருவிகளோடு இணைத்து அது ஒப்பிட்டது. புதிய முறையில் பயின்றவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு முன்னேறவில்லை. வாசிப்பில் பழைய முறையினர் சமமாகவோ கூடுதலாகவோ தேர்ச்சி பெற்றனர். வாரத்துக்கு இருமுறை ஆய்வகம் செல்வதால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை.

கொள்கையின் அடித்தளமும் இதே காலத்தில் ஆட்டம் கண்டது. மொழியைத் தூண்டல், எதிர்வினை, பழக்கம் என்று விளக்கிய ஸ்கின்னரின் நூலுக்கு நோம் சாம்ஸ்கி 1959இல் கடுமையான மதிப்புரை எழுதினார். மனிதர் தாம் முன்பு கேட்டிராத வாக்கியங்களையும் ஓயாமல் உருவாக்குகின்றனர் என்பது அவர் முன்வைத்த அடிப்படை வாதம்.

இவற்றோடு அன்றாடத் தொல்லைகளும் சேர்ந்தன. நாடாக்கள் அறுந்தன, ஹெட்போன்கள் பழுதாயின, பழுது பார்க்க ஆள் இல்லை. மாணவர்களுக்குச் சலிப்பு ஏற்பட்டது. 1970களில் பல கூடங்கள் சாமான் அறைகளாக மாறின.

விடுபட்டுப்போன பண்பாடு

கேட்டல்–பேசல் முறையின் ஆதரவாளர்கள் பண்பாட்டை மறந்துவிட்டவர்கள் அல்லர். மானிடவியலாளர் எட்வர்ட் ஹால், அமெரிக்கத் தூதரக அலுவலர்களுக்குப் பயிற்சி அளித்த பட்டறிவைக் கொண்டு 1959இல் ஒரு நூல் எழுதினார். காலம், இடைவெளி, மௌனம் ஆகியவற்றை ஒவ்வொரு மக்களும் ஒவ்வொரு விதமாகக் கையாள்கின்றனர். சொல்லப்படாத இந்த மொழி தெரியாததால்தான் இலக்கணம் நன்கு அறிந்தவர்களும் தவறு செய்கின்றனர் என்பது அவர் கருத்து. நெல்சன் புரூக்ஸும் 1960களின் பிற்பகுதியில், இலக்கியம், கலை ஆகிய உயர் பண்பாட்டையும் மக்களின் அன்றாட வாழ்க்கை முறையையும் பிரித்துக்காட்டி, மொழி வகுப்பில் பின்னதற்கு முதன்மை வேண்டும் என்றார்.

ஆனால் அதை ஒலிநாடாவில் கற்பிக்க வழியில்லை. பிரெஞ்சில் ஒருவரை முன்னிலையில் அழைக்க 'தூ', 'வூ' என இரு சொற்கள் உண்டு. தமிழில் 'நீ', 'நீங்கள்' என்பது போன்றது இது. இவ்விரண்டின் வினைமுடிவுகளையும் ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். யாரை, எப்போது, யார் முன்னிலையில் எப்படி அழைப்பது என்பது வேறு அறிவு. தவறான வினைமுடிவை நாடாவின் குரல் திருத்தும். தவறான இடத்தில் 'நீ' என்று சொன்னதால் எதிரிலிருப்பவர் முகம் மாறுவதை அதனால் காட்ட முடியாது. பண்பாடு பெரும்பாலான பாடநூல்களில் ஈஃபில் கோபுரம், பாலாடைக்கட்டி, திருவிழா ஆகியவை பற்றிய பெட்டிச் செய்தியாகவே தங்கிவிட்டது.

கணினியும் காட்சித் தட்டும்

இல்லினாய் பல்கலைக்கழகம் 1960இல் தொடங்கிய பிளேட்டோ கணினித் திட்டம், பின்னர் பல மொழிகளுக்கான பாடங்களையும் வழங்கியது. மாணவர் தட்டச்சு செய்த விடையில் எங்கே பிழை உள்ளது என்று கணினி சுட்டிக்காட்டியது. இது ஒலிநாடாவால் இயலாத ஒன்று. ஆனால் பயிற்சிகள் பெரும்பாலும் இலக்கணமும் சொற்களஞ்சியமுமாகவே இருந்தன.

1980களில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் வேறொரு வழியை முயன்றது. அங்கே உருவான 'ஃபிலிப்பைச் சந்திக்க' என்ற பிரெஞ்சுக் காட்சித் தட்டில், காதலி வீட்டைவிட்டு வெளியேற்றிவிட்ட ஃபிலிப் என்ற இளைஞனுக்குப் பாரிஸ் நகரில் குடியிருக்க இடம் தேட மாணவர் உதவ வேண்டும். செய்தித்தாள் விளம்பரங்களைப் படித்து, தொலைபேசிச் செய்திகளைக் கேட்டு அவர் முடிவெடுக்கிறார். எடுக்கும் முடிவுக்கு ஏற்பக் கதை மாறுகிறது. மாணவர் இங்கே ஒரு நகரத்துக்குள் நுழைந்தார். எனினும் அந்த நகரத்தில் யாரும் அவரிடம் எதிர்க்கேள்வி கேட்க முடியவில்லை.

இரு வகுப்பறைகளின் இணைப்பு

இரு வகுப்புகளை ஒன்றோடொன்று பேச வைக்கும் எண்ணம் இணையத்துக்கு மிகவும் முந்தியது. பிரெஞ்சு ஆசிரியர் செலஸ்தேன் ஃப்ரெனே 1920களில் தம் கிராமப் பள்ளிக்கு ஓர் அச்சுப்பொறியைக் கொண்டுவந்தார். தென் பிரான்சைச் சேர்ந்த அவருடைய மாணவர்கள் தாமே எழுதி அச்சிட்டவற்றைப் பிரெத்தான் பகுதியிலுள்ள ஒரு பள்ளிக்கு அனுப்பிப் பதில் பெற்றனர். தாம் எழுதுவதைத் தொலைவில் உண்மையான ஒருவர் படிக்கப்போகிறார் என்பது மாணவரின் எழுத்தை மாற்றியது.

இணையம் பரவிய பின் இவ்வெண்ணத்துக்குத் தெளிவான வடிவம் தந்தது கல்ச்சுரா திட்டம். 'ஃபிலிப்பைச் சந்திக்க' பாடத்தை உருவாக்கியவர்களுள் ஒருவரான ஜில்பெர்ட் ஃபுர்ஸ்டன்பெர்க், தம் உடன்பணியாளர்களோடு 1997இல் இதைத் தொடங்கினார். மாசச்சூசெட்ஸில் பிரெஞ்சு படிக்கும் மாணவர்களும் பிரான்சில் ஆங்கிலம் படிக்கும் மாணவர்களும் ஒரே வினாத்தாளுக்கு அவரவர் தாய்மொழியில் விடை எழுதினர். அதில் மூன்று வகைக் கேள்விகள் இருந்தன. ஒரு சொல்லைக் கேட்டதும் மனத்தில் எழும் பிற சொற்களை எழுதுவது முதல் வகை. 'நல்ல பெற்றோர் என்பவர்…' என்பது போன்ற தொடர்களை முடிப்பது இரண்டாம் வகை. ஒரு சூழ்நிலையில் எப்படி நடந்துகொள்வீர் என்பது மூன்றாம் வகை. வரிசையில் ஒருவர் முந்திச் செல்கிறார். வங்கி ஊழியர் காசோலையில் உள்ள பெயரைப் பார்த்து வாடிக்கையாளரை முதற்பெயரால் அழைக்கிறார் ஆகியவை அத்தகைய சூழ்நிலைகள்.

இரு தரப்பு விடைகளும் திரையில் பக்கத்தில் பக்கமாக வைக்கப்பட்டன. 'தனிமனிதப் போக்கு' என்பதற்கு இரு மொழிகளிலும் ஏறக்குறைய ஒரே வடிவமுள்ள சொல்தான் இருக்கிறது. அகராதி இரண்டையும் ஒன்றாகவே காட்டும். அமெரிக்க மாணவர்கள் அதைச் சுதந்திரம், படைப்பாற்றல் ஆகியவற்றோடு இணைத்தனர். பிரெஞ்சு மாணவர்களின் விடைகளில் தன்னலம் என்ற பொருள் மேலோங்கியது. பின்னர் இரு தரப்பினரும் இணைய உரையாடலில் ஒருவரையொருவர் விளக்கம் கேட்டனர். விடைகளைப் பொருள்படுத்துவது ஆசிரியரின் விரிவுரையாக இல்லாமல் மாணவர்களின் வேலையாக இருந்தது. ஆசிரியர், அவசர முடிவுகளுக்குப் போகாமல் சான்றுகளை மீண்டும் பார்க்கச் சொல்லும் வழிகாட்டியாக இருந்தார்.

ஐரோப்பிய நாடுகளின் பள்ளிகளை இணையவழி இணைக்கும் ஈட்வின்னிங் திட்டம் 2005இல் தொடங்கியது. இவ்வகைக் கல்வி இன்று 'மெய்நிகர் பரிமாற்றம்' என்ற பொதுப்பெயரால் அறியப்படுகிறது.

இணைப்பினால் மட்டும் பயன் விளைவதில்லை என்பதும் விரைவில் தெரிந்தது. ஸ்பெயின், இங்கிலாந்து மாணவர்களுக்கிடையே நடந்த மின்னஞ்சல் பரிமாற்றத்தை ஆராய்ந்த ராபர்ட் ஓ'டவுட் 2003இல் வெளியிட்ட கட்டுரையில், சில இணைகளில் புரிதல் வளர்ந்ததையும் வேறு சிலவற்றில் பழைய முன்முடிவுகளே வலுப்பட்டதையும் பதிவு செய்தார். தம்மைப் பற்றிச் சொல்வதோடு, எதிர்த்தரப்பின் கேள்விகளுக்கும் பொறுமையாக விடை தந்த இணைகள் முன்னேறின. ஒருவர் நீண்ட கடிதம் எழுத மற்றவர் இரண்டு வரியில் முடித்துக்கொண்டால், அது அந்நாட்டவரின் இயல்பு என்ற தவறான முடிவுக்குக் கற்பவர் வந்துவிடுகிறார்.

தமிழோடு உள்ள தொடர்பு

இவ்வரலாறு தமிழையும் தொட்டுச் செல்கிறது. 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஆறாம் பிரிவு, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் தெற்காசிய மொழி மையங்கள் வளர உதவியது. தமிழும் அவற்றில் கற்பிக்கப்பட்டது. தமிழுக்கு ஒலிநாடா தயாரிக்க முற்படுவோர் பிரெஞ்சுக்கு அந்த அளவில் எழாத ஒரு கேள்வியைச் சந்திக்க வேண்டும். எழுத்துத் தமிழைப் பதிவு செய்வதா, பேச்சுத் தமிழைப் பதிவு செய்வதா? பேச்சுத் தமிழ் என்றால் எவ்வூர் வழக்கு? நூலில் உள்ள 'போகிறேன்' என்ற சொல்லைத் தெருவில் 'போறேன்' என்றே கேட்கும் மாணவருக்கு, ஒலிப்பதிவு எதைக் கற்பித்தாலும் மற்றொன்று விடுபடும்.

சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டு தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு இக்கேள்வியை எதிர்கொண்டது. ஆங்கிலமே வீட்டு மொழியாகி வரும் குழந்தைகளுக்குத் தமிழ் வாழும் மொழியாக இருக்க வேண்டுமானால், வகுப்பில் பொதுப் பேச்சுத் தமிழுக்கும் இடம் வேண்டும் என்று அது பரிந்துரைத்தது. உலகெங்கும் உள்ள தமிழர்களுக்கு இணையவழித் தமிழ் கற்பிக்கத் தமிழ்நாடு அரசு 2001 பிப்ரவரி 17 அன்று தமிழ் இணையப் பல்கலைக்கழகத்தைத் தொடங்கியது. இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது.

இந்தியாவில் மொழி ஆய்வகம் என்ற சொல் இப்போது பெரும்பாலும் பொறியியல் கல்லூரிகளின் ஆங்கிலப் பயிற்சிக்கூடத்தையே குறிக்கிறது. ஒலிநாடாவுக்குப் பதில் கணினி மென்பொருள் வந்துவிட்டது. ஆயினும் கேட்டுத் திரும்பச் சொல்லும் பயிற்சி இங்கும் தொடர்கிறது.

மதிப்பீடு

1960களின் மொழி ஆய்வகங்களைத் தோல்வி என்று முழுவதும் ஒதுக்கிவிட முடியாது. அயல் ஒலிகளைப் பிரித்தறியவும், கூச்சமின்றித் தனியே பேசிப் பழகவும் அவை உதவின. போர்க்கால வகுப்பிலிருந்து ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு, எதிரில் இருந்த மனிதரை விட்டுவிட்டதே அவற்றின் குறை. ஸ்க்ராண்டனுக்கு உருளை அனுப்பிய மாணவருக்கு ஒரு செவி கிடைத்தது. கல்ச்சுராவில் விடை எழுதிய மாணவருக்கு மறுகரையிலிருந்து ஒரு கேள்வி வந்தது. இடைப்பட்ட காலத்தின் ஆயிரக்கணக்கான தடுப்பறைகளில் அவ்விரண்டும் அரிதாகவே கிடைத்தன.

மாணவரோடு உரையாடும் கணினிச் செயலிகள் இப்போது மொழிக் கல்விக்குள் நுழைந்துள்ளன. அவை ஓயாமல் கேட்கும், பிழையைத் திருத்தும், எதிர்க்கேள்வியும் கேட்கும். ஒரு சொல்லால் புண்படவும், ஒரு சொல்லால் நெருக்கம் கொள்ளவும் கூடிய மனிதரின் இடத்தை அவை நிரப்புமா என்பது வகுப்பறைகளின் முன் நிற்கும் கேள்வி. 1958க்குப் பிந்தைய பட்டறிவு ஒரு நடைமுறைப் பாடத்தைத் தருகிறது. கருவிக்கு நிதி ஒதுக்கும்போதே, அதைக் கையாளும் ஆசிரியரின் பயிற்சிக்கும், மாணவர் பேசிப் பழக மறுமுனையில் ஒரு வகுப்பைத் தேடுவதற்கும் நேரமும் பணமும் ஒதுக்க வேண்டும். அவ்வாறு ஒதுக்காத இடங்களில் கூடங்கள் பூட்டப்பட்டன.